வான்கோழிக் குரல் போட்டிக்குப் பழகுவது எப்படி? வாயில் வைக்கும் டயாஃப்ரமா, கையில் உரசும் பாட் காலா?

செந்தில்_நாஷ்வில்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது டென்னசியில். ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்கள் ஊரில் கேலார்ட் ஓப்ரிலேண்ட் என்ற பெரிய விடுதியில் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பின் மாநாடு நடக்கும். அதன் ஒரு பகுதிதான் கிராண்ட் நேஷனல் குரல் போட்டி. இந்த முறை நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். மேடையில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை, வாயும் பெரிதாகத் திறக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டை வான்கோழி மரக்கிளையில் கண் விழிப்பது, முனகுவது, இறக்கை அடித்துத் தரையில் இறங்குவது எல்லாம் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

வேட்டைக்காரர்கள் பெட்டைக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்கத்தான் இதைக் கற்கிறார்களாம். நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை, போகும் எண்ணமும் இல்லை. குரலை மட்டும் கற்க வேண்டும், முடிந்தால் ஒரு சின்னப் போட்டியிலாவது நிற்க வேண்டும். எந்தக் கருவியில் தொடங்குவது? நடுவர்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்? வேட்டையாடாதவனை மேடையில் ஏற்றுவார்களா?

பாலா_மதுரை

மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியதாகத்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது மனுஷன் வான்கோழியைப் பார்த்து ஆடக் கிளம்பிவிட்டானா? கிண்டல் இல்லை செந்தில், நிஜமாகவே கேட்கிறேன். இதற்கு மதிப்பெண் வேறு உண்டா?

மிசூரி_மாமா

உண்டு பாலா தம்பி. அதுவும் நடுவர் முகத்தைப் போட்டியாளரும், போட்டியாளர் முகத்தை நடுவரும் பார்க்க முடியாதபடி.

செந்தில், கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மேடையில் நீங்கள் எத்தனை பறவை சுட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. போட்டியாளர்கள் சீட்டு எடுத்து எண் பெறுவார்கள். நடுவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். மேடையில் நீங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, குரலை வைத்து ஆள் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால். அறிவிப்பாளர் ஒவ்வொரு அழைப்பாகப் பெயர் சொல்வார், நீங்கள் அதைச் செய்ய வேண்டும். பொதுவாக ஓர் அழைப்புக்கு 20 வரை மதிப்பெண். பல போட்டிகளில் மிக உயர்ந்த மதிப்பெண்ணையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டுவார்கள். மாநிலங்களில் நடக்கும் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் வென்றால்தான் நாஷ்விலில் பெரியவர்கள் பிரிவில் நிற்கத் தகுதி கிடைக்கும்.

கேட்கப்படும் அழைப்புகளின் பெயர்களை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

மர யெல்ப். விடியலில் கிளையில் இருந்தபடியே தூக்கக் கலக்கத்தில் எழுப்பும் மெல்லிய ஒலி.
சாதாரண யெல்ப். பெட்டை அடுத்தடுத்து எழுப்பும் வழக்கமான அழைப்பு.
கிளக். ஒற்றைச் சொடுக்கு, பக்கத்தில் இருக்கும் பறவையின் கவனத்தைத் திருப்ப.
பர். மேயும்போது மனநிறைவோடு எழுப்பும் உருட்டல்.
கட்டிங். கிளக்குகளே வேகமாக, சத்தமாக, ஒழுங்கில்லாமல் வருவது.
இறங்கும் கேக்கிள். மரத்தில் இருந்து இறக்கை அடித்துத் தரைக்கு இறங்கும்போது எழுப்புவது.
கீ-கீ ரன். கூட்டத்தை விட்டுப் பிரிந்த இளம் பறவை இலையுதிர் காலத்தில் விசிலடித்து, முடிவில் யெல்ப் செய்வது.
அசெம்பிளி யெல்ப். தாய்க்கோழி சிதறிய குஞ்சுகளைக் கூட்டுவது.

பெயர் சொன்னதும் யோசிக்காமல் வர வேண்டும். கருவியைப் பற்றி ஜெகனும் வித்யாவும் சண்டை போடுவார்கள், அவர்களே வரட்டும்.

ஜெகன்_ஜார்ஜியா

வந்துவிட்டேன் மாமா. என் பதில் பாட் கால்தான், இதில் சந்தேகமே வேண்டாம். உள்ளங்கை அளவு வட்டக் கிண்ணம், மேலே சிலேட்டுக் கல் அல்லது கண்ணாடி, அதன்மேல் உரச ஒரு மரக்குச்சி. முதல் நாளே ஏதோ ஒரு வான்கோழிச் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தம் வந்தால்தான் மறுநாளும் எடுத்து உட்காரத் தோன்றும். டயாஃப்ரமில் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள்.

நான் வார இறுதிகளில் கராஜில் கடைசல் போட்டுப் பாட் கால் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். குச்சியைப் பேனா பிடிப்பது போலப் பிடியுங்கள், ஆனால் எழுதுவதற்கு அழுத்துகிற மாதிரி அழுத்தாதீர்கள். குச்சியின் மேல்முனை உங்களை விட்டுச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே ஓர் இடத்தில் சின்ன நீள்வட்டம் போடுங்கள். குச்சி நுனி பரப்பை விட்டு எழும்பவே கூடாது. யெல்ப் அவ்வளவுதான். விளிம்பை நோக்கிப் போனால் சுருதி ஏறும், நடுவுக்கு வந்தால் இறங்கிக் கரகரக்கும். கீ-கீ வேண்டுமானால் கண்ணாடியில் விளிம்பை ஒட்டி உரசுங்கள். பர் என்பது குச்சியைத் தன் கனத்திலேயே மெதுவாக இழுப்பது. டயாஃப்ரமில் மாதக்கணக்கில் அழவைக்கும் பர், சிலேட்டில் ஒரு மாலையில் வந்துவிடும்.

கிண்ணத்தை உள்ளங்கையில் அப்பிக்கொள்ளாதீர்கள். அடியில் துளைகள் இருக்கின்றன, ஒலி அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. விரல் நுனிகளால் பக்கவாட்டைப் பிடித்து, உள்ளங்கைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வெற்றிடம் விடுங்கள். அந்த வெற்றிடத்தைக் கூட்டிக் குறைத்துக் குரலைத் தூரத்தில் இருந்து வருவது போலவும் அருகில் வருவது போலவும் மாற்றலாம். சிலேட்டைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் தேய்த்துவையுங்கள், கண்ணாடிக்கு உப்புத்தாள். தேய்த்த பரப்பிலும் குச்சி நுனியிலும் விரல் படக்கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் குச்சி வழுக்கும், சத்தமே வராது. காலையில் தோசை சாப்பிட்ட கையோடு எடுத்தீர்களானால் அன்றைக்குக் கடை மூடியாயிற்று.

போட்டியிலும் உரசும் கருவிகளுக்கு என்று தனிப் பிரிவு உண்டு. ஆக, வாயில் ஒன்றும் வைக்காமலே நீங்கள் மேடை ஏறலாம்.

அலபாமா_வித்யா

ஜெகன் சொன்ன நுட்பம் எல்லாம் சரி. முடிவுதான் தப்பு.

திறந்த பிரிவில் பெரும்பாலானோர் டயாஃப்ரம்தான் வைத்திருப்பார்கள். மர யெல்ப், கட்டிங், கேக்கிள் மூன்றையும் ஒரே மூச்சில் கோத்துச் செய்ய வாய்க்கருவி போல எதுவும் இல்லை. பாட் காலில் கேக்கிள் செய்து பாருங்கள் செந்தில், அப்போது தெரியும். எப்படியும் நாக்கைப் பழக்க நீண்ட காலம் ஆகும், அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

நான் பல் மருத்துவர். அதனால் மற்றவர்கள் சொல்லாத ஒன்று. டயாஃப்ரம் என்பது குதிரை லாட வடிவில் ஓர் அலுமினியச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் தகடு ஒன்று முதல் நான்கு வரை, சுற்றிலும் ஒட்டுப்பட்டை. அது மேலண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டி உட்கார வேண்டும். எல்லோருடைய அண்ணமும் ஒரே அளவு இல்லை. கடையில் தொங்கும் சாதாரண அளவு பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், பெரிது. பின்பக்கப் பட்டை மென்அண்ணத்தைத் தொட்டால் குமட்டத்தான் செய்யும். அதற்கு மன உறுதி எல்லாம் தேவையில்லை, கத்தரிக்கோல் போதும். பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பொருத்திப் பாருங்கள். சட்டத்தை வெட்டிவிடாதீர்கள். அப்படியும் சரிவராவிட்டால் சின்னச் சட்டம் வாங்குங்கள்.

சட்டத்தின் வளைவு தொண்டைப் பக்கம், திறந்த பக்கம் உதட்டுப் பக்கம். ஒன்று அல்லது இரண்டு தகடு உள்ளதாக வாங்குங்கள். தடித்தது வேண்டாம், காற்றை நிறையக் கேட்கும். முதல் சில நாள் யெல்பே முயல வேண்டாம். நாக்கின் நடுப்பகுதியால் லேசாக அழுத்தி, வயிற்றில் இருந்து காற்றைத் தள்ளி, ஒரே சீரான கூர்மையான ஒலி எழுப்புங்கள். கன்னம் உப்பினால் காற்று தப்பான இடத்தில் இருந்து வருகிறது என்று அர்த்தம். அந்த உயர்ந்த ஒலி நிலைத்த பிறகு, தாடையைக் கீழே விட்டு நாக்கைத் தளர்த்துங்கள். குரல் தானாக உடைந்து கீழே விழும். மேலே தெளிவு, கீழே கரகரப்பு, இரண்டும் ஒட்டினால் யெல்ப். இங்கே பலர் 'சாப்' என்று சொல்வது போல வாயை அசைக்கச் சொல்வார்கள். எனக்கு 'கீ-யாக்' என்று நினைத்தால் நன்றாக வருகிறது. உங்கள் வாய்க்கு எது ஒத்துவருகிறதோ அது.

கயல்_இத்தாக்கா

இரண்டு பேரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். பறவையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

நான் வேட்டைப் பக்கம் இல்லை, பறவை பார்க்கிற பக்கம். செந்தில், கருவி வாங்கும் முன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்தில் காட்டு வான்கோழிப் பதிவுகள் நிறைய இருக்கின்றன, இணையத்தில் கேட்கலாம். புளோரிடாவைச் சேர்ந்த லவெட் வில்லியம்ஸ் என்ற உயிரியலாளர் காட்டில் உண்மைப் பறவைகளைப் பதிவு செய்து, எந்தக் குரல் எந்தச் சூழலில் வருகிறது என்று வகை பிரித்தவர். அவருடைய பதிவுகளைத் தேடிப் பிடியுங்கள். சாம்பியன்களின் காணொளிகளைப் பார்த்துப் பழகினால் நீங்கள் சாம்பியனைப் பார்த்துச் செய்வீர்கள், பறவையைப் பார்த்து அல்ல. நகலின் நகல்.

யெல்பின் அந்த இரட்டை ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதும் உதவும். பறவைக்கு நம்மைப் போலத் தொண்டையின் மேல்பகுதியில் குரல்நாண் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது. அங்கே மெல்லிய சவ்வுகள் அதிர்கின்றன. டயாஃப்ரமில் இழுத்துக் கட்டிய லேடெக்ஸ் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. மரமும் கல்லும் உரசுவதைவிட அது ஏன் உயிருள்ளதாகக் கேட்கிறது என்பதற்கு என் கணக்கில் இதுதான் காரணம். ஜெகன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜெகன்_ஜார்ஜியா

கோபம் எல்லாம் இல்லை கயல். ஆனால் 1897லேயே ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் மரப்பெட்டிக் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மெல்லிய பக்கச் சுவர்கள், மேலே ஆணியில் சுழலும் மூடி, மூடி உரசும் இடத்தில் சாக்பீஸ் தூள். இன்றைக்கும் பாக்ஸ் கால் என்றால் அடிப்படை அதுதான். தென் கரோலினாவின் நீல் காஸ்ட் கையால் செய்த பெட்டிகளை இன்று சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். எந்த மரம், எவ்வளவு கனம், மூடியின் வளைவு எவ்வளவு என்று ஆயுள் முழுக்க அதிலேயே கிடந்தவர். மரமும் மரமும் உரசி வருவது உயிரில்லாத குரல் என்று அந்தப் பெட்டிகளைக் கேட்டவர்கள் சொல்ல மாட்டார்கள்.

தஞ்சை_நாயனம்

இந்த இழைக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் நாதஸ்வரம். வித்யா சொன்னதைப் படித்ததும் சீவாளிதான் நினைவுக்கு வந்தது. ஈரம் காய்ந்தால் பேசாது, அதிகம் ஊறினாலும் பேசாது. ஒரே கட்டில் எடுத்தாலும் இரண்டு சீவாளி ஒரே மாதிரி இருக்காது. அதனால்தான் வாத்தியத்திலேயே இரண்டு மூன்று சீவாளி நூலில் தொங்கும். உங்கள் லேடெக்ஸும் அப்படித்தானா? ஒன்றையே வைத்து எல்லா அழைப்பும் செய்வார்களா, மாற்றிக்கொள்வார்களா?

அலபாமா_வித்யா

ஐயா, மிகச் சரியான கேள்வி. மாற்றிக்கொள்வார்கள். மேல் தகட்டை எப்படி வெட்டுகிறோம் என்பதில்தான் குணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சிறகு போல வெட்டினால் வௌவால் வெட்டு, கரகரப்பும் வேகமும் உள்ள கட்டிங்குக்கு நல்லது. ஒரு பக்கமாக வி வடிவில் எடுத்தால் நடுத்தரம், எல்லாவற்றுக்கும் ஓடும். நடுவில் இரண்டு சின்னக் கீறல் மட்டும் போட்டால் கோஸ்ட் வெட்டு என்பார்கள், தெளிவான கீ-கீ அதில் எளிது. மேடைக்குப் போகிறவர்கள் சின்னப் பெட்டியில் பலதும் அடுக்கிக் கொண்டுபோவார்கள்.

பராமரிப்பும் நீங்கள் சொல்வது போலத்தான். பழகி முடித்ததும் கழுவி, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவே பல்குச்சி செருகி, குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் லேடெக்ஸ் செத்துவிடும். போட்டி நாளில் வாய் காய்வதுதான் பெரிய தொல்லை. பயத்தில் எச்சில் வற்றினால் தகடு ஒட்டாது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். பால், இனிப்புப் பானம் வேண்டாம், வாயைப் பிசுபிசுப்பாக்கும்.

பாலா_மதுரை

சரி, நானும் படிக்கப் படிக்க உள்ளே இழுக்கப்பட்டுவிட்டேன். எங்கள் மாமாவிடம் மேலூர்ப் பக்கம் வான்கோழிப் பண்ணை இருக்கிறது. அதையே உட்கார்ந்து கேட்டால் ஆகாதா? இரண்டாவது கேள்வி. ஆர்கன்சாவில் ஏதோ ஊரில் விமானத்தில் இருந்து உயிருள்ள வான்கோழியைத் தூக்கிப் போடுவார்களாமே. அதுவும் இந்தக் கூட்டமா?

மிசூரி_மாமா

அந்த ஊர் யெல்வில். 1946ல் இருந்து அங்கே குரல் போட்டியும் திருவிழாவும் நடக்கின்றன. குரல் போட்டியில் பழமைக்குப் பேர்போன ஊர். தாழப் பறக்கும் விமானத்தில் இருந்து பறவைகளை விடும் வழக்கமும் அங்கே பல காலம் இருந்தது, உண்மைதான். காட்டு வான்கோழி பறக்கும், ஆனால் அப்படித் தூக்கிப் போடப்படுவதற்குப் பிறக்கவில்லை. சில செத்தன. விலங்கு நல அமைப்புகள் விடாமல் எதிர்த்தன. எதிர்த்தது நியாயம் என்பதே என் கருத்து. அதற்கும் மேடையில் நின்று குரல் கொடுப்பதற்கும் சம்பந்தம் இல்லை, ஒரே ஊர், ஒரே திருவிழா என்பதைத் தவிர.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழிந்து, கணக்கில்லாமல் சுட்டு, இந்தப் பறவை பல மாநிலங்களில் இல்லாமலே போயிருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. தாயிடம் எதுவும் கற்காத குஞ்சுக்கு நரி எது, பருந்து எது என்று எப்படித் தெரியும்? பிறகு மிஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே பீரங்கி வலை வீசிப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். மிசூரியில் வசந்தகால வேட்டையை 1960ல்தான் மறுபடி திறந்தார்கள். கூட்டமைப்பு 1973ல் உருவானது. எண்ணிக்கை பிற்பாடு 60 லட்சத்தைத் தாண்டியது. இதற்குப் பணம் கொடுத்ததில் பெரும் பங்கு வேட்டை உரிமக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா மீதான வரியும். கயலுக்கு இது பிடிக்காது, ஆனாலும் கணக்கு கணக்குதான்.

கயல்_இத்தாக்கா

பிடிக்காமல் என்ன மாமா, உண்மைதானே.

பாலா, பண்ணைப் பறவை தாராளமாக உதவும். வளர்ப்பு வான்கோழியும் காட்டு வான்கோழியும் ஒரே இனம். மெக்சிகோப் பக்கத்துத் துணை இனத்தைப் பழக்கியதில் இருந்து வந்தவைதான் உலகம் முழுக்க உள்ள பண்ணைப் பறவைகள். நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழியின் வம்சமும் அங்கேதான் போய் முடியும். யெல்ப், கிளக், பர் எல்லாம் உங்கள் மாமா பண்ணையிலேயே கேட்கும். குஞ்சுகளைத் தாயிடம் இருந்து சற்றுப் பிரித்தால் அவை விசிலடிப்பதில் கீ-கீயின் தொடக்கம் கேட்கும். கிடைக்காதது இறங்கும் கேக்கிள். கனத்த பண்ணைப் பறவை உயர்ந்த மரத்தில் அடையாது, அதனால் இறங்கவும் வேண்டியதில்லை.

செந்தில்_நாஷ்வில்

இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டும் வாங்கிவிட்டேன், சிலேட்டுப் பாட் கால் ஒன்று, இரண்டு தகடு டயாஃப்ரம் ஒன்று. வித்யா அக்கா சொன்னபடி பட்டையை வெட்டியதும் குமட்டல் நின்றது. காரில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பழகுகிறேன். பக்கத்துக் காரில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வை தனி. நேற்று அம்மா ஊரில் இருந்து வீடியோவில் கூப்பிட்டபோது ஒருமுறை ஊதிக் காட்டினேன். "தொண்டையில் என்னப்பா, சுக்குக் கஷாயம் வைத்துக் குடி" என்றார்.

கேக்கிள் மட்டும் கொஞ்சமும் வரவில்லை. ஒலி சுமாராக இருக்கிறது, ஆனால் பறவை மாதிரி இல்லை. எங்கே தப்பு?

மிசூரி_மாமா

ஒலியில் தப்பு இருக்காது தம்பி, நடையில் இருக்கும். நான் இதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். குரலின் தரத்துக்காக மாதக்கணக்கில் கருவி மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நடையைக் கவனிக்க மாட்டார்கள். ஒலி சற்று மட்டமாக இருந்து நடை சரியாக இருந்தால் நடுவர் மதிப்பெண் போடுவார். ஒலி தேனாக இருந்து நடை தப்பினால் போட மாட்டார். சேவலும் வராது.

கேக்கிள் என்பது ஒரு பறவை மரத்தில் இருந்து குதிக்கும் சில நொடி. முதலில் இரண்டு மூன்று தயங்கிய கிளக், போகலாமா வேண்டாமா என்பது போல. பிறகு குதித்துவிட்டது, இறக்கை அடிக்க அடிக்க மூச்சு நெருக்கிக்கொண்டு ஒலிகள் வேகமாக, ஒழுங்கில்லாமல், சுருதி ஏறி வரும். தரை நெருங்கும்போது இடைவெளி கூடும், சுருதி இறங்கும். கால் பட்டதும் ஓரிரு கிளக். நீங்கள் செய்வது அநேகமாகத் தையல் மிஷின் ஓட்டம் போலச் சீராக இருக்கும். பறவையின் உடம்பு என்ன செய்கிறது என்பதை மனத்தில் ஓட்டிக்கொண்டு ஊதுங்கள். மர யெல்பிலும் அப்படியே. மூன்று நான்கு ஒலிதான், மூக்கால் முனகுவது போல. முதல் ஒலியிலேயே சத்தம் போட்டீர்களானால் அந்தப் பறவை தூங்கி எழவில்லை, யாரோ உதைத்து எழுப்பியிருக்கிறார்கள்.

கயல்_இத்தாக்கா

மாமா சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒரு முரண்பாட்டையும் எடுத்து வைக்கிறேன். நடை, நடை என்கிறீர்கள். காட்டில் பதிவு செய்த உண்மைப் பெட்டைகளைக் கேட்டால், பாதிக்கு மேல் போட்டி இலக்கணத்துக்கு அடங்காது. நடுவில் குரல் உடையும், ஓர் ஒலி விட்டுப்போகும், வேகம் தடுமாறும். திரைக்கு இந்தப் பக்கம் ஓர் உண்மைக் கோழியை நிறுத்தினால் அது முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். அப்படியானால் நடுவர்கள் மதிப்பெண் போடுவது வான்கோழிக்கா, வான்கோழி எப்படி இருக்க வேண்டும் என்ற அவர்கள் கற்பனைக்கா?

மிசூரி_மாமா

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை, கூட்டமைப்புக்காரர்களே தங்களுக்குள் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்வதுதான். என் பதில் இது. காட்டில் ஒரு பறவை கத்துவது அதற்கு வேண்டிய வேலைக்காக. இங்கே அறிவிப்பாளர் "அசெம்பிளி யெல்ப்" என்று சொன்னால், அது சாதாரண யெல்பும் இல்லை, தொலைந்த பறவையின் யெல்பும் இல்லை என்பதைச் சில நொடியில் கேட்பவருக்குக் காட்டியாக வேண்டும். ஒவ்வொன்றின் தெளிவான வடிவத்தைக் கேட்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் காட்டில் வாழ்நாள் கழித்தவர்கள். பறவை தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

அலபாமா_வித்யா

நான் கயல் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். மேடையில் இப்போது ஒரு பாணி உருவாகிவிட்டது. பளபளப்பான உயர் ஒலி, உடனே ஆழமான கரகரப்பு, ஒவ்வொரு ஒலியும் அளந்து வைத்தது போல. இளைஞர்கள் அதைக் கேட்டு அதையே செய்கிறார்கள். அந்தப் பாணியை விட்டு விலகிச் செய்கிறவருக்கு மதிப்பெண் குறையத்தான் செய்கிறது. போட்டி என்றால் இது நடக்கும். பாட்டுப் போட்டியில் நடக்கவில்லையா? செந்தில் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும், மேடைக்கு எது என்று பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

ஜெகன்_ஜார்ஜியா

இதில் யாரும் சொல்லாத வேடிக்கை ஒன்று. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் இருந்து கொக்கரிக்கும், பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் பெட்டைக் குரல் கொடுத்துச் சேவலை வரச்சொல்வது வழக்கத்தைத் தலைகீழாக்குவது. அதனால்தான் கிழட்டுச் சேவல்கள் தூரத்திலேயே நின்று பதில் மட்டும் கொடுக்கும், கால் எடுத்து வைக்காது. நடுவரை ஏமாற்றுவதைவிட அதை ஏமாற்றுவது கடினம்.

அப்புறம், செந்தில், கருவியே வேண்டாத பிரிவு ஒன்றும் இருக்கிறது, ஆந்தைக் குரல். விடியலில் சேவல் எங்கே அடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, பட்டை ஆந்தையின் எட்டு ஒலி அலறலைக் கொடுப்பார்கள். திடீர்ச் சத்தம் எதைக் கேட்டாலும் சேவல் தன்னை அறியாமல் கொக்கரித்துவிடும், இடி, காக்கை, கார்க் கதவு சாத்துவது எதுவானாலும். சொந்தத் தொண்டையாலேயே அதைச் செய்யலாம். மேடைப் பயம் போக நல்ல வழி.

கயல்_இத்தாக்கா

பழகும் இடம் பற்றி ஒரு முக்கியமான விஷயம், யாரும் சொல்லவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வேட்டை திறந்திருக்கும் பொதுக் காட்டுக்குள் போய் யெல்ப் செய்து பழகாதீர்கள். முழு உருமறைப்பு உடையில் துப்பாக்கியோடு மறைந்திருப்பவர் அந்தக் குரல் வந்த திசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தவும் வேண்டாம், சேவலின் தலையும் கழுத்தும் அதே நிறங்கள். வீடு, கார், ஊர்ப் பூங்கா போதும். கூடு கட்டும் காலத்தில் உண்மைப் பறவைகளை விடாமல் கூப்பிட்டு அலைக்கழிப்பதும் நல்லதில்லை.

வீட்டில் பழகுவதற்கு: கார்னெல் தரும் ரேவன் லைட் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். உண்மைப் பெட்டையின் யெல்பையும் உங்கள் யெல்பையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒலி வரைபடமாகத் தெரியும். இடைவெளி எங்கே கூடுகிறது, சுருதி எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். காது ஏமாறும் இடத்தில் கண் பிடித்துவிடும்.

செந்தில்_நாஷ்வில்

செய்து பார்த்தேன் கயல். மாமா சொன்னது சரி. என் கேக்கிளில் எல்லாக் கோடும் சம இடைவெளியில் வேலி நட்டது போல நிற்கிறது. பறவையுடையது நெருங்கி, விலகி, தாறுமாறாகப் போகிறது. இப்போது அதையே வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து மாவட்டத்தில் மார்ச்சில் ஒரு சின்னப் போட்டி, புதியவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதாம். பெயர் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அதற்குள் எதை எதைத் தயார் செய்வது?

அலபாமா_வித்யா

கொடுங்கள். விதிமுறைத் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள், எந்தெந்த அழைப்பு என்பது போட்டிக்குப் போட்டி மாறும். பெயர்களைச் சீட்டில் எழுதி வீட்டில் யாரையாவது குலுக்கி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் இரண்டு மூச்சு விட்டுவிட்டுச் செய்யுங்கள், உடனே பாயாதீர்கள். ஒன்று சொதப்பினால் அடுத்ததில் அதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். புதிய தகட்டைப் போட்டிக்கு முதல் நாள் பிரிக்க வேண்டாம், ஒரு வாரமாவது ஊதிப் பழகியதாக இருக்கட்டும்.

ஜெகன்_ஜார்ஜியா

பாட் காலையும் எடுத்துப் போங்கள், உரசும் பிரிவிலும் நில்லுங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கருங்காலி மாதிரி கனமான மரத்தில் ஒரு குச்சியும் லேசான மரத்தில் ஒன்றும் அனுப்புகிறேன். ஒரே சிலேட்டில் இரண்டும் இரண்டு வேறு கோழி.

பாலா_மதுரை

மாமா பண்ணையில் பதிவு செய்து அனுப்பட்டுமா? எம்பி3 போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா?

கயல்_இத்தாக்கா

வேவ் கோப்பாக அனுப்புங்கள் பாலா, எம்பி3 வேண்டாம். பதிவை எந்த நேரத்தில் எடுத்தீர்கள், பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.